சோறும் சர்க்கரையும்

திருமண வீடுகளிலும் பங்குத் திருவிழா அசனங்களிலும் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பந்தியில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், பாயச வாளி நெருங்கியதும் இலையின்மீது கையை மறித்து, "வேண்டாம் தம்பி, எனக்குச் சர்க்கரை" என்கிறார். பரிமாறும் இளைஞரும் மரியாதையோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுகிறார். ஆனால் அதே பெரியவரின் இலையில் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை எனச் சோறு மூன்று முறை விழுந்திருக்கிறது. அப்போது அவர் கையை மறிக்கவில்லை. பரிமாறியவரும் தயங்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நாமும் அதைக் குறித்து ஒன்றும் எண்ணவில்லை.

'சர்க்கரை' என்னும் சொல் நம் வீடுகளில் இரண்டு பொருளில் வழங்குகிறது. அடுக்களை டப்பாவில் இருப்பதும் சர்க்கரை. மருத்துவர் பெயரிட்டுச் சொல்லும் நோயும் சர்க்கரை. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதால், டப்பாவை மூடிவிட்டால் நோயும் அடங்கிவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மை அதுவன்று. சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட நம் குடும்பங்களில், இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும் பங்கு டப்பாவிலிருந்து வருவதில்லை. சோற்றுப் பானையிலிருந்தே வருகிறது. இதனை விளக்குவதே இம்மாதம் நமது நோக்கம்.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறோம். குடும்பத் தலைவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஐம்பத்தாறாம் வயதில் நீரிழிவு இருப்பதாக மருத்துவர் கூறிய நாள்முதல், காப்பியில் சர்க்கரை சேர்ப்பதை அறவே விட்டுவிட்டார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டில் செய்யும் பலகாரங்களையும் தொடமாட்டார். மாதம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருவார். சீட்டில் 120 அல்லது 125 என்று எழுதியிருக்கும். அதைக் கண்டு மனநிறைவு கொள்வார். நான்கு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. பிறகு ஒருநாள் செருப்புக் கடித்துக் காலில் ஏற்பட்ட சிறு புண், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. புண்ணைப் பார்த்த வேறொரு மருத்துவர், மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்குமாறு சொன்னார். அந்த எண் 274. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 8.2.

"மதியம் என்ன சாப்பிட்டீர்கள், ஐயா?" என்று மருத்துவர் கேட்டார்.

"வழக்கம்போலச் சோறும் சாம்பாரும்தான் டாக்டர். உருளைக்கிழங்குப் பொரியல். இனிப்பைத் தொட்டு நான்கு வருடம் ஆகிறது."

"சோறு எத்தனை கரண்டி?"

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளாக அவருக்குப் பரிமாறி வந்தவர் அந்த அம்மையார். ஆயினும் அந்தக் கணக்கு அவருக்கும் தெரியவில்லை. நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சோறு சர்க்கரையாவது எவ்வாறு?

இதனை அறிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டா. உப்பும் குழம்பும் சேராத வெறுஞ்சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தட்டும். அரிசியிலுள்ள மாவுச்சத்து என்பது எண்ணற்ற குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. நம் உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் பொருள் அந்த மாலையை வாயிலேயே அறுக்கத் தொடங்குகிறது. எஞ்சிய பணி சிறுகுடலில் முடிகிறது. மாலை முழுவதும் தனித்தனி மணிகளாகிக் குடல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே, நாக்கில் இனிக்காத சோறும் வயிற்றுக்குள் சென்றபின் சர்க்கரையே.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நலமுள்ளவர் வெறும் வயிற்றோடு இருக்கும்போது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கும். அப்படியானால் உடலின் முழு இரத்தத்திலும் சேர்த்து ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அது ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடை. இச்சிறிய அளவைக் காத்துக்கொண்டிருக்கும் உடலுக்குள், ஒரே வேளை உணவின் மூலம் 100 கிராமுக்கு மேல் நாம் அனுப்புகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நலமுள்ள உடல் இந்த வெள்ளத்தைச் சமாளிக்கிறது. உணவு வந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின், தசைகளின் உயிரணுக்கள் குளுக்கோஸை உள்ளே ஏற்கும்படி வழி திறக்கிறது. கல்லீரல் தன் பங்கை எடுத்துச் சேமித்துக்கொள்ளவும் செய்கிறது. உணவுக்குப்பின் ஏறிய சர்க்கரை இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

நடுவயதில் தோன்றும் நீரிழிவில் இரண்டு குறைகள் ஒருங்கே சேர்கின்றன. தசைகளும் கல்லீரலும் இன்சுலினின் குரலுக்கு முன்போலச் செவிசாய்ப்பதில்லை. கணையமும் நாளடைவில் களைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு சுரக்க இயலாமற் போகிறது. இத்தகைய உடலில் உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை உயரமாக ஏறுகிறது. நெடுநேரம் இறங்காமல் நிற்கிறது. அது 180 மில்லிகிராம் அளவைக் கடந்தால் பலருக்குச் சிறுநீரகங்கள் தேக்கிவைக்க மாட்டாமல் சிறுநீரில் விட்டுவிடுகின்றன. எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்ட நம் நாட்டுப் பண்டை மருத்துவர்கள் இதற்கு 'மதுமேகம்' என்று பெயரிட்டது இதனால்தான்.

காலைச் சீட்டு மட்டும் போதுமா?

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இருப்பது நலம். 100 முதல் 125 வரை இருப்பது எல்லை நிலை. 126-ம் அதற்கு மேலும் இருந்து, மறு சோதனையிலும் உறுதிப்பட்டால் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையில் 140-க்குக் கீழ் நலம். 140 முதல் 199 வரை எல்லை நிலை. 200-ம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று மாதச் சராசரிச் சோதனையில் 5.7-க்குக் கீழ் நலம், 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கின்றன. அந்நாள்களில் அவற்றின்மீது எவ்வளவு சர்க்கரை படிந்தது என்பதையே இச்சோதனை அளக்கிறது. ஆகவே, சோதனைக்கு முந்திய இரண்டு நாள் பட்டினி கிடந்து இதனை ஏமாற்ற இயலாது.

நம் ஆசிரியரின் பிழை யாதென இப்போது விளங்கும். இரவு முழுவதும் உண்ணாதிருந்த இரத்தத்தை மட்டுமே அவர் அளந்தார். சோறு உண்டபின் அந்த இரத்தம் எந்நிலையில் இருந்தது என்பதை நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் பார்க்கவில்லை. பலருக்கு நீரிழிவு முதலில் வெளிப்படுவதே உணவுக்குப் பிந்திய ஏற்றத்தில்தான். எனவே, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மூன்று மாதச் சராசரி ஒன்று என மூன்றையும் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பார்த்துக்கொள்வதே முறை.

ஒரு சிறு கணக்கு

வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. நம் ஆசிரியரின் வீட்டுக் கரண்டியை நிறுத்துப் பார்த்தபோது, ஒரு கரண்டியில் 100 கிராம் சோறு இருந்தது. நாள்தோறும் மதியம் அவர் உண்டது நான்கு கரண்டி. அதாவது 112 கிராம் மாவுச்சத்து. உருளைக்கிழங்கும் கிழங்காதலால் மாவுச்சத்தே. அதிலிருந்து இன்னும் 18 கிராம். ஆக, ஒரு வேளைக்கு 130 கிராம். இதனைச் சர்க்கரையின் எடையில் சொன்னால் 26 தேக்கரண்டி. நாளொன்றுக்கு இருமுறை அருந்தும் காப்பியில் அவர் விட்டுவிட்ட சர்க்கரையோ நான்கு தேக்கரண்டிதான்.

காப்பியில் சர்க்கரையை விட்டது வீண் என்று நாம் கூறவில்லை. அது நன்றே. அது போதாது என்பதே நாம் கூறுவது. ஓட்டைப் படகில் சிறு துளையை அடைத்துவிட்டுப் பெருந்துளையை மறந்தால் படகு கரை சேருமா?

சிற்றுண்டியும் இக்கணக்குக்கு விலக்கன்று. நடுத்தர அளவுள்ள இட்டலி ஒன்றில் 8 முதல் 10 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். ஐந்து இட்டலி உண்டால் 50 கிராமை எட்டும். நோயாளிக்கு எளிதில் செரிக்கும் என்று நாம் அன்போடு காய்ச்சித் தரும் அரிசிக் கஞ்சி, நன்கு குழைந்திருப்பதால் விரைவாகக் குருதியில் சேர்ந்துவிடும். தேனும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இயற்கையானவை என்று சொல்லி நீரிழிவு உள்ளவர்க்குக் கொடுப்போர் உண்டு. நிறமும் மணமும் வேறாயினும் அவையும் சர்க்கரையே.

உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1870-71 ஆம் ஆண்டுகளில் பாரிஸ் நகரம் எதிரிப் படைகளால் முற்றுகையிடப்பட்டு, மக்கள் அளவு உணவில் வாழ நேர்ந்தது. அப்போது தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்துவிட்டதைப் புஷார்தா என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டார். ரொட்டியும் மாவுப் பண்டங்களும் குறைந்ததன் விளைவு அது. 1921 ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அதே டொராண்டோ நகரில் 1981 ஆம் ஆண்டு ஜென்கின்ஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், ஒரே அளவு மாவுச்சத்துள்ள உணவுகளும் இரத்தச் சர்க்கரையை வெவ்வேறு வேகத்தில் ஏற்றுகின்றன என்பதை அளந்து பட்டியலிட்டனர். பயறும் பருப்பும் மெதுவாக ஏற்றுவன; தீட்டிய அரிசியும் வெள்ளை ரொட்டியும் விரைவாக ஏற்றுவன என்பது அதனால் தெளிவாயிற்று.

அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறினால்?

"சோற்றை நிறுத்திவிட்டோம், இரவில் சப்பாத்திதான்" என்று பெருமையோடு சொல்லும் இல்லங்கள் பல. எத்தனை சப்பாத்தி என்று கேட்டால் ஐந்து, ஆறு என்பார்கள். கோதுமை மாவிலும் எடைக்கு எடை அரிசியை ஒட்டிய அளவு மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து சற்றுக் கூடுதல், அவ்வளவே. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச்சத்து மிக்கது. ஆயினும் அதனை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குவளை குவளையாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறவே செய்யும். புழுங்கலரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைவிடச் சற்று மெதுவாக ஏற்றக்கூடும். அதற்காக இரண்டு கரண்டி கூடுதலாக உண்ணலாம் என்பது பொருளன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டு வெளியாயின. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடியே 60 லட்சம் பேர் எல்லை நிலையில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025 இல் வெளியாயிற்று. இந்தியர் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது காட்டியது. அதிலும் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்ததால் மட்டும் நோய்க்கான வாய்ப்புக் குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. மாவுச்சத்தில் சிறிது குறைத்து, அவ்விடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரத உணவுகளை வைத்தோரிடத்தில் வாய்ப்புக் குறைவாகக் காணப்பட்டது. தானியத்தின் பெயரைவிடத் தட்டில் விழும் அளவே முக்கியம் என்பது இதனால் பெறப்படும்.

தட்டை மாற்றும் முறை

பட்டினி கிடக்குமாறு நாம் எவர்க்கும் சொல்லவில்லை. தட்டில் உள்ள பங்குகளை மாற்றி அமைக்குமாறே சொல்கிறோம். தட்டைக் கண்ணால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் காய்கறியும் கீரையும் நிறையட்டும். வெண்டை, அவரை, கத்தரி, புடலை, பீர்க்கு, கோவை, முட்டைக்கோசு, முருங்கைக்கீரை என நம் சந்தைகளில் கிடைப்பவை எத்தனை! உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காய் ஆகியவற்றைக் காய்கறியாகக் கருதாமல் சோற்றின் கணக்கில் சேர்க்க வேண்டும். மறுபாதியை மீண்டும் இரண்டாக்கி, ஒரு பங்கில் பருப்போ பயறோ முட்டையோ மீனோ இருக்கட்டும். கடைசிக் கால் பங்கில் சோறு. அது குவியாமல் பரந்திருக்கட்டும். நீரிழிவு உள்ள பலருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைக் கரண்டி, அதாவது 150 கிராம் சோறு, நல்ல தொடக்க அளவாகும். உடலுழைப்பு, எடை, மருந்து ஆகியவற்றைக் கருதி மருத்துவர் இதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.

உண்ணும் வரிசையும் பயன் தரும். முதலில் காய்கறியையும் பருப்பையும் மீனையும் உண்டு, இறுதியில் சோற்றை உண்டால், அதே உணவே இரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றுகிறது என்பதை 2015 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நார்ச்சத்தும் புரதமும் முன்னே சென்றால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். சர்க்கரையும் மெதுவாகவே இறங்கும். நம் பந்திகளில் இலை போட்டதும் கூட்டும் பொரியலும் முதலில் வருகின்றன; சோறு பின்னரே வருகிறது. சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல், பொரியலை முதலில் உண்ணத் தொடங்கினால் போதும்.

உணவுக்குப்பின் படுக்கையை நாடாமல் சிறிது நடப்பது மற்றொரு நல்ல வழக்கம். வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் குளுக்கோஸை ஈர்த்துக்கொள்ளும் தன்மை உடையது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளில் ஏதேனும் ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வோர் உணவுக்குப்பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப்பின் அது 22 விழுக்காடு. செபத்தை முடித்துவிட்டு உடனே படுப்பவர்கள், வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் படுக்கலாம். இதற்குச் செலவொன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் ஊசி போடுவோரும், கணையத்தைத் தூண்டிச் சுரக்கச் செய்யும் மாத்திரைகள் உண்போரும், மருத்துவரைக் கேளாமல் திடீரெனச் சோற்றைக் குறைத்தலாகாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்றதாகவே இருக்குமாதலால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்த்தல், நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம், காரணமற்ற கோபம் ஆகியவை இதன் அறிகுறிகள். அந்நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். கால்மணி நேரம் கழித்தும் தெளியாவிடில் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் புரதத்தையும் தாமாகவே கூட்டிக்கொள்ளக் கூடாது. கருவுற்ற தாய்மார்களும் தாமாக உணவைக் குறைக்கலாகாது. இளம் பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு, கணையம் இன்சுலினைச் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும் வேறு வகை. மிட்டாய் தின்றதால் வந்தது என்று அப்பிள்ளைகளைக் கடிந்துகொள்வது பேதைமை. அவர்களுக்கு இன்சுலினே உயிர்.

தவக்காலத்தில் ஒருசந்தி பிடிப்பது குறித்தும் ஒரு சொல். நோயுற்றோரைத் திருச்சபை இக்கடமையால் கட்டுப்படுத்துவதில்லை. மருந்து உண்டுவிட்டுப் பகல் முழுவதும் பட்டினி கிடப்பதும் ஆபத்து. பட்டினி கிடந்தபின் ஒரே வேளையில் குவித்து உண்பதும் தீங்கு. நீரிழிவு உள்ளவர் மருத்துவரையும் பங்குத் தந்தையையும் கலந்து, வேறு வகையான தவமுயற்சியைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

ஒரே பானை

இனி, அந்த ஆசிரியரின் வீட்டுக்குத் திரும்புவோம். மருத்துவரிடமிருந்து வந்த நாள்முதல் அம்மையார் கணவருக்கென்று தனி அடுப்பு மூட்டினார். அவருக்குக் கேழ்வரகுக் களியும் உப்பில்லாத கீரையும். மற்றவர்க்கு வழக்கமான சோறும் வறுவலும். அவர் ஒரு மூலையில் முன்னதாகவே உண்டு எழுந்துவிடுவார். பத்து நாளில் அவர் பேச்சுக் குறைந்தது. இரவில் எல்லாரும் உறங்கியபின் அடுக்களையில் பானை மூடி நகரும் ஓசை கேட்கலாயிற்று. அம்மையார் அழுதார். "நான் போட்ட சோறே அவருக்கு விஷமாகிவிட்டதே" என்று அவர் கலங்கியதை நாமே கேட்டோம். முப்பத்தைந்து ஆண்டு அன்பை இப்படி எண்ணலாகாது என்று சொன்னோம். ஆயினும் வழி சொன்னவர் நாமல்லோம்; அவ்வீட்டு மருமகளே.

"மாமா, இனிமேல் இந்த வீட்டில் ஒரே சமையல்தான். நீங்கள் சாப்பிடுவதையே நாங்களும் சாப்பிடுகிறோம். நீங்கள் எங்களோடு உட்கார்ந்தால் போதும்" என்றாள் அவள்.

அவள் சொன்னதற்குக் காரணமும் இருந்தது. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், முப்பத்துநான்கு வயதான மகனையும் சோதித்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். வெறும் வயிற்றில் 109. எவ்வித நோய்க்குறியும் அவனுக்கு இல்லை. இளந்தொந்தி மட்டும் இருந்தது. எல்லை நிலையில் இருப்போர் உணவையும் நடையையும் சீர்ப்படுத்தினால் நோயைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கவும், பலர் தவிர்க்கவும் இயலும். தந்தைக்கு மருந்தாகும் தட்டு, மகனுக்குக் காப்பாகும்.

இப்போது அவ்வீட்டில் பழைய பெரிய கரண்டி பரணில் இருக்கிறது. சிறு கரண்டியால் பரிமாறுகிறார்கள். பொரியல் சட்டி பெரிதாயிற்று. சோற்றுப் பானை சிறிதாயிற்று. கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் வாரம் நான்கு நாள் குழம்பில் சேர்கின்றன. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் மீன்குழம்பும் உண்டு. ஆசிரியர் மூலையை விட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே அமர்கிறார். மருத்துவர் மாத்திரையையும் மாற்றி அமைத்தார். கால் புண் முறையான சிகிச்சையால் ஆறிவிட்டது. அடுத்து எடுத்த மூன்று மாதச் சராசரி 7.1. அம்மையாரிடம் இப்போது எத்தனை கரண்டி என்று கேட்டால் உடனே விடை சொல்வார்.

அன்புள்ள தாய்மார்களே, நம் பண்பாட்டில் அன்பை அளக்கும் கருவியாகச் சோற்றுக் கரண்டி நெடுங்காலமாக இருந்து வருகிறது. "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதே உபசாரம் என்று நம் முன்னோர் கொண்டனர். நாள் முழுவதும் வயலில் உழைத்தவர்க்கு அது பொருந்தியது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் இன்றைய நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. வற்புறுத்தலை நிறுத்த வேண்டா. வற்புறுத்தும் பொருளை மாற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் பொரியல் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

இம்மாதம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இன்று மதியம் சமையல் முடிந்ததும், உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை கிராம் சோறு பிடிக்கிறது என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வீட்டில் தராசு இல்லாவிடில் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். பிறகு வீட்டில் ஒவ்வொருவர் தட்டிலும் எத்தனை கரண்டி விழுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இரத்தச் சோதனைச் சீட்டோடு கொண்டு செல்லுங்கள். அவர் கேட்கும் முதற்கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கும்.